காலடியில் ஒரு முழ மெழுகு: நார்வேக்காரர்களின் ஸ்கீ நடை

நார்வேக்காரர்களிடம் ஸ்கீ அனுபவங்களைக் கேட்டால், செங்குத்தான சரிவில் பறந்து இறங்கிய சாகசம் அதிகம் வராது. ஏற்றத்தில் ஒவ்வொரு அடிக்கும் பின்னால் வழுக்கி வழுக்கிக் கை ஓய்ந்துபோன ஞாயிற்றுக்கிழமை வரும். ஸ்கீயின் அடியில் பனி கட்டிகட்டியாக ஒட்டிக்கொண்டு நகரவே முடியாமல் நின்ற கதை வரும். ஈஸ்டர் விடுமுறையில் மலைக்குடிலுக்குக் கிளம்பி, காற்று பலத்ததும் பாதி வழியில் திரும்பிய கதை வரும். சின்ன வயதில் அப்பா ஸ்கீயின் அடியில் பூசும் மெழுகைத் தப்பாகப் பூசிக் கொடுத்ததை நாற்பது வயதிலும் சொல்லிக்காட்டுகிறவர்கள் உண்டு. வெளியிலிருந்து கேட்பவருக்கு இவை சில்லறை விஷயங்களாகத் தெரியலாம். அந்த நாட்டின் ஸ்கீ வாழ்க்கையே இந்தச் சில்லறை விஷயங்களின் மேல்தான் நிற்கிறது. அவற்றுக்குப் பின்னால் இருக்கும் பொருளறிவு, சட்டம், வானிலை மூன்றும் தெரிந்தால்தான் கதைகள் பிடிபடும்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். லிஃப்டில் ஏறிச் சரிவில் இறங்கும் ஸ்கீ நார்வேயிலும் இருக்கிறது. ஆனால் வீட்டுக்கு வீடு இருப்பது வேறு வகை: சமதரை, ஏற்றம், இறக்கம் எல்லாவற்றையும் சொந்தக் காலால் கடக்கும் ஸ்கீ. பலகை சுமார் ஐந்து செ.மீ. அகலம்தான் இருக்கும். காலணியின் முன்நுனி மட்டும் பலகையில் பூட்டப்பட்டிருக்கும். குதிகால் தாராளமாக மேலே எழும். பாரம்பரிய நடைக்கு ஸ்கீயின் நீளம் ஆளின் உயரத்தைவிட 15 முதல் 25 செ.மீ. கூடுதலாகவும், கைக்கோலின் உயரம் தோள் அளவாகவும் இருக்க வேண்டும். போட்டிகளில் இந்த நடைக்கான கோல், காலணியோடு சேர்த்த உயரத்தில் 83 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று சர்வதேச ஸ்கீ கூட்டமைப்பு வரம்பு வைத்திருக்கிறது. நீளமான கோல் கொடுத்தால் காலை உதைக்காமல் கை பலத்திலேயே வீரர்கள் போய்விடுகிறார்கள் என்பதுதான் காரணம்.

இந்த நடைக்கு ஒரு முரண்பாடான தேவை இருக்கிறது. உதைக்கும் நொடியில் ஸ்கீ பனியைப் பிடிக்க வேண்டும். அடுத்த நொடியில் அதே ஸ்கீ வழுக்கிக்கொண்டு ஓட வேண்டும். இரண்டையும் ஒரே பலகை செய்வதற்குக் காரணம் அதன் வளைவு. ஸ்கீயைத் தரையில் வைத்துப் பார்த்தால் நடுப்பகுதி வில் போல மேலே தூக்கியிருக்கும். இரண்டு காலிலும் எடையைப் பகிர்ந்து நிற்கும்போது முன்னும் பின்னும் மட்டுமே பனியைத் தொடும், நடுப்பகுதி அந்தரத்தில் இருக்கும். முழு எடையையும் ஒற்றைக் காலுக்கு மாற்றிக் கீழே உதைத்தால் அந்த நடுப்பகுதி நசுங்கிப் பனியோடு ஒட்டும். பிடிமான மெழுகு பூசுவது அங்கேதான்: குதிகாலிலிருந்து முன்னோக்கி 50, 60 செ.மீ., ஏறக்குறைய ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கூட. முன்னும் பின்னும் உள்ள பகுதிகளில் வழுக்கு மெழுகு மட்டும்.

அதனால் ஸ்கீ வாங்கும்போது நீளத்தைவிட, போடுகிறவரின் எடையைத்தான் பார்க்க வேண்டும். கடையில் செய்யும் காகிதச் சோதனை எளிமையானது. சமமான, கெட்டியான தரையில் இரண்டு ஸ்கீயிலும் ஏறிச் சரிசமமாக எடை போட்டு நிற்கவேண்டும். இன்னொருவர் காலடியில் ஒரு தாளை நுழைத்து இழுப்பார். குதிகாலுக்குக் கீழிருந்து காலணிப் பூட்டுக்கு முன்னால் சுமார் 30 செ.மீ. வரை தாள் தடையில்லாமல் நகர வேண்டும். பிறகு முழு எடையையும் ஒற்றைக் காலில் போட்டால் தாள் அசையக் கூடாது. இரண்டாவது நிலையிலும் தாள் நகர்ந்தால் ஸ்கீ அந்த ஆளுக்கு மிக விறைப்பு. என்ன மெழுகு பூசினாலும் ஏற்றத்தில் வழுக்கும். முதல் நிலையிலேயே தாள் சிக்கினால் மிக மென்மை. ஓட்டமே இருக்காது, மெழுகும் சீக்கிரம் தேய்ந்துவிடும். பத்து கிலோ எடை கூடியவர் தன் பழைய ஸ்கீ திடீரென்று மெதுவாகிவிட்டது என்று குறைப்படுவதும், அண்ணனின் ஸ்கீயை வாங்கிப் போட்ட தம்பி மேடேற முடியாமல் தவிப்பதும் இதனால்தான்.

மெழுகின் வேலையைப் பனித்துகளின் வடிவத்திலிருந்து புரிந்துகொள்ளலாம். புதிதாக விழுந்த குளிர்ப் பனியின் துகள்கள் கூர்மையாகவும் கெட்டியாகவும் இருக்கும். ஸ்கீயை அழுத்தும்போது அந்தக் கூர்முனைகள் மெழுகுக்குள் கொஞ்சம் குத்தி நிற்கின்றன, அதுதான் பிடிமானம். அழுத்தம் விலகியதும் அவை வெளியே வந்துவிட வேண்டும். மெழுகு தேவைக்கு மேல் கெட்டியாக இருந்தால் முனை உள்ளே இறங்காது, கால் பின்னால் வழுக்கும். தேவைக்கு மேல் மென்மையாக இருந்தால் உள்ளே போன முனை வெளியே வராது. அதன் மேல் அடுத்த துகள், அதன் மேல் இன்னொன்று என்று பனி சேர்ந்து, நடப்பவர் ஒரு சாண் உயரத்துக்கு மரக்கால் கட்டியவர்போல நிற்பார். பனி நாளாக ஆக முனை மழுங்குகிறது. உருகி மீண்டும் உறைந்துவிட்டால் அது கண்ணாடி மணலைப் போன்ற உருண்டைத் துகளாக மாறுகிறது. அதற்கு இன்னும் மென்மையான, ஒட்டும் தன்மையுள்ள மெழுகு வேண்டும்.

இதை நிறங்களாகப் பிரித்து விற்றதுதான் ஸ்விக்ஸ் நிறுவனத்தின் சாதனை. 1946இல் ஸ்வீடனில் தொடங்கிய அந்த நிறுவனம் பிறகு நார்வேயின் சொத்தாகிவிட்டது. பச்சை கடுங்குளிருக்கு, நீலம் மிதமான குளிருக்கு, ஊதா பூஜ்ஜியத்தை ஒட்டிய பனிக்கு, சிவப்பு அதற்கும் மேலே. இவற்றில் ‘நீலம் எக்ஸ்ட்ரா’ எனப்படும் வி40 சுமார் −1 முதல் −7 டிகிரி வரை வேலை செய்யும். ஒரே ஒரு டப்பாதான் வாங்க முடியும் என்றால் அதை வாங்கலாம். கடலோரத்தை விட்டு உள்ளே தள்ளிய நார்வேயின் குளிர்காலத்தில் கணிசமான நாட்களை அது ஒன்றே சமாளித்துவிடும்.

பூசும் முறையில்தான் பலரும் அவசரப்படுகிறார்கள். பழைய மெழுகைச் சுரண்டி, பிடிமானப் பகுதியை 100 முதல் 150 எண் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துச் சொரசொரப்பாக்க வேண்டும். அதன் மேல் அடிமெழுகு ஒரு படலம், இஸ்திரியால் உருக்கித் தடவி, குளிரவிட வேண்டும். பிறகு அன்றைய பனிக்கான மெழுகை மிக மெல்லிய படலமாகத் தடவி, கார்க் கட்டையால் பளபளக்கும் வரை தேய்க்க வேண்டும். இதுபோல மூன்று முதல் ஆறு படலங்கள். தடிமனான ஒரே பூச்சு இதற்கு ஈடாகாது. அது உரிந்து வரும், ஓட்டத்தையும் கெடுக்கும். கடைசிப் படலங்களைப் பாதத்துக்கு நேர்கீழே மட்டும் கொஞ்சம் கூடுதலாகத் தரலாம். முடித்ததும் ஸ்கீயை வெளியே பத்துப் பதினைந்து நிமிடம் குளிரில் வைத்துவிட்டுத்தான் ஏற வேண்டும். வீட்டுச் சூட்டோடு பனியில் வைத்த மெழுகு முதல் அடியிலேயே பனியை அள்ளிக்கொள்ளும். ‘மெழுகு சரியில்லை’ என்ற புகார்களில் நிறைய, உண்மையில் இந்தப் பத்து நிமிடப் பொறுமையின்மைதான்.

வழியில் சரிசெய்வதற்கும் ஒரு வரிசை இருக்கிறது. வழுக்கினால் உடனே வேறு நிறத்துக்குத் தாவ வேண்டாம். முதலில் அதே மெழுகில் இன்னும் இரண்டு படலம். பிறகு பூச்சை முன்னோக்கி ஒரு கையகலம் நீட்டுதல். அதற்கும் மசியவில்லை என்றால்தான் ஒரு படி மென்மையானது. பனி ஒட்டினால், ஒட்டியதைச் சுரண்டிவிட்டு மேலே கெட்டி மெழுகை லேசாகத் தடவிப் பார்க்கலாம். ஆனால் மென்மையான பூச்சின் மேல் கெட்டி மெழுகு சரியாகப் பரவாது. பெரும்பாலும் முழுவதையும் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி தொடங்குவதே நல்லது. சந்தேகமாக இருக்கும் நாளில் கெட்டியான மெழுகோடு புறப்படுவது இதனால்தான் புத்திசாலித்தனம்: கெட்டியின் மேல் மென்மையைப் பூசலாம், அதைத் தலைகீழாகச் செய்வது கடினம்.

எல்லோரையும் தோற்கடிக்கும் நிலை ஒன்று உண்டு. பூஜ்ஜியம் டிகிரியில் புதுப் பனி விழுந்துகொண்டிருக்கும் நேரம். நிழலில் −1, வெயிலில் +1. காட்டுக்குள் வழுக்கும், வெளியில் ஒட்டும். உலகக் கோப்பை அணிகளின் மெழுகு வல்லுநர்களே திணறும் நிலை அது. ஏற்கெனவே உருகி உறைந்த தடங்களுக்கு, டியூபில் வரும் பசை மெழுகான ‘க்ளிஸ்டர்’ வேண்டும். பெட்டெர் ஓஸ்ட்பீ என்ற நார்வே ஸ்கீ வீரர் 1910களில் காப்புரிமை பெற்ற பொருள் இது. ஸ்கீயின் நடுவரிப் பள்ளத்துக்கு இருபுறமும் சின்னச் சின்னப் பொட்டாக வைத்துக் கட்டைவிரலால் மெல்லிசாக இழுக்க வேண்டும். கை, உடை, கார் இருக்கை எதுவும் தப்பாது. க்ளிஸ்டர் பூசிய ஸ்கீயோடு புதுப் பனியில் இறங்கினால் இரண்டே அடியில் நின்றுவிடுவீர்கள்.

இந்தத் தலைவலிக்கு மாற்றாக வந்ததுதான் தோல்பட்டை ஸ்கீ. பிடிமானப் பகுதியில் மெழுகுக்குப் பதிலாக, மொஹேர் எனப்படும் ஆட்டு ரோமத்தாலோ ரோமமும் நைலானும் கலந்த இழையாலோ ஆன பட்டை பதிக்கப்பட்டிருக்கும். ரோமம் பின்நோக்கிப் படிந்திருப்பதால் முன்னால் வழுக்கும், பின்னால் பிடிக்கும். நல்ல மெழுகு அமைந்த நாளில் அது கொஞ்சம் மெதுவானதுதான். ஆனாலும் வாரத்தில் ஒருநாள் போகிறவருக்கு இதைத்தான் பரிந்துரைக்க வேண்டும். மெழுகு ஸ்கீயின் இனிமை தெரிந்தவர்கள் முகம் சுளிப்பார்கள். ஆனால் வாசலில் அரைமணி நேரம் மெழுகோடு மல்லுக்கட்டிவிட்டு வெளியே போகாமலே இருந்துவிடுவதைவிட இது மேல்.

தோல்பட்டை புதிய கண்டுபிடிப்பு என்று நினைத்துவிடக் கூடாது. ஓஸ்டர்தாலன் பகுதியில் பழைய வேட்டைக்காரர்கள் இரண்டு காலுக்கும் இருவேறு ஸ்கீ போட்டார்கள்: ஒன்று வழுக்கிச் செல்வதற்கு நீண்டது, மற்றது உதைப்பதற்குக் குட்டையானது, குட்டையின் அடியில் ரோமத் தோல். அதற்கும் வெகு முந்தைய சான்று ரைன்ஹைமன் மலைப்பகுதியின் டிகெர்வார்டன் பனித்திட்டில் கிடைத்தது. 2014இல் அங்கே சுமார் 1,300 ஆண்டுப் பழைமையான ஒரு ஸ்கீயைத் தொல்லியலாளர்கள் கண்டெடுத்தார்கள். பனி மேலும் உருகிய 2021இல் சில மீட்டர் தள்ளி அதன் ஜோடியும் வெளிப்பட்டது. இரண்டாவது கிடைத்த ஸ்கீ 187 செ.மீ. நீளம், 17 செ.மீ. அகலம்; பிர்ச் மரக்கொடியை முறுக்கிச் செய்த கட்டுகளும் தோல் வாரும் அதில் அப்படியே இருந்தன. இரண்டும் அச்சு அசலான ஜோடி இல்லை. தேய்ந்தும் பழுதுபார்க்கப்பட்டும் இருக்கின்றன. ஒன்று போனால் இன்னொன்றைச் செதுக்கிச் சேர்த்துப் பயன்படுத்திய அன்றாடக் கருவி அது. யாரோ ஒருவருடைய உழைப்பு நாளின் சாட்சி என்ற முறையில், அருங்காட்சியகப் பதக்கங்கள் எல்லாவற்றையும்விட இந்த ஒட்டுப்போட்ட ஜோடி அதிகம் சொல்கிறது.

நவீன ஸ்கீயின் கதை தெலமார்க் பகுதியின் மோர்கெதால் கிராமத்துக்குப் போகிறது. 1825இல் அங்கே பிறந்த சோன்றே நூர்ஹைம் ஓர் ஏழைக் குடியானவர். முறுக்கிய மரக்கொடியைக் குதிகாலைச் சுற்றிக் கொண்டுவந்து காலைப் பலகையோடு இறுக்கினார். நடுவில் இடுப்பு ஒடுங்கிய ஸ்கீ வடிவத்தையும் பரவலாக்கினார். அதுவரை முன்வாரில் மட்டும் செருகிய கால், குதித்தாலும் திரும்பினாலும் கழன்றுவிடும். 1868இல் தலைநகரில் (அப்போது கிறிஸ்டியானியா) நடந்த போட்டியில் அவர் குதித்துத் திரும்பியதைப் பார்த்த நகரத்தார் அசந்துபோனார்கள். 1884இல் அவர் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தார். 1897இல் வடக்கு டகோட்டாவில் இறந்தார். 1952 ஓஸ்லோ குளிர்கால ஒலிம்பிக்கின் சுடரை அவருடைய மோர்கெதால் வீட்டு அடுப்பில்தான் ஏற்றினார்கள்.

நார்வேயின் துருவப் பயணி ஃப்ரித்யோஃப் நான்சென் 1888இல் ஆறு பேராகக் கிரீன்லாந்தின் பனிமேட்டை ஸ்கீயில் கடந்தபோது, அந்த அறுவரில் சாமுவேல் பால்தோ, ஓலே நீல்சென் ராவ்னா இருவரும் வட ஸ்காண்டிநேவியாவின் பழங்குடிகளான சாமி இனத்தவர்கள். தேசப் பெருமைக் கதைகளில் அவர்கள் பெயர் பின்னுக்குப் போய்விடுகிறது. பனியில் வாழ்க்கை நடத்தும் அறிவு வடக்கே சாமி மக்களிடம் வெகுகாலமாக இருந்தது என்பதைச் சொல்லாமல் நார்வேயின் ஸ்கீ வரலாற்றைச் சொல்வது அரைகுறைதான். மரப்பலகையின் காலம் 1974 வரை நீடித்தது; அந்த ஆண்டு ஃபாலுன் உலகப் போட்டியில் ஸ்வீடனின் தோமாஸ் மாக்னுசன் கண்ணாடியிழை ஸ்கீயில் 30 கி.மீ. வென்றதும், தார் பூசிய மர ஸ்கீ போட்டிகளிலிருந்து வெகுவேகமாக மறைந்தது. வழுக்கு மெழுகில் கலந்துவந்த ஃப்ளூரின் சேர்மங்கள் மண்ணிலும் நீரிலும் மக்காமல் தங்குவதால், 2023-24 பருவத்திலிருந்து சர்வதேசப் போட்டிகளில் அவை முழுவதுமாகத் தடைசெய்யப்பட்டிருக்கின்றன. தாமதமாக வந்த சரியான முடிவு.

கருவி இருந்தால் மட்டும் போதாது, நடக்க இடம் வேண்டும். 1957ஆம் ஆண்டின் திறந்தவெளிச் சட்டம், காடு மலைகளில் யாரும் தாராளமாக நடக்கலாம் என்ற பழைய வழக்கத்தை எழுத்தில் கொண்டுவந்தது. விளைநிலத்துக்கும் அதில் ஒரு விதி உண்டு: தரை உறைந்திருக்கும்போதோ பனி மூடியிருக்கும்போதோ, அக்டோபர் 14 முதல் ஏப்ரல் 30 வரை, வீட்டு முற்றத்தையும் அதை ஒட்டிய இடத்தையும் தவிர்த்து வயலைக் கடந்து போகலாம். பயிர் இல்லாத காலத்தில் மண்ணுக்குச் சேதமில்லை என்பதே அதன் தர்க்கம். ஓஸ்லோவைச் சுற்றியுள்ள ‘மார்க்கா’ காட்டைக் கட்டடங்கள் விழுங்காமல் காக்க 2009இல் தனிச் சட்டமே வந்தது. 1883இல் தொடங்கிய ‘ஸ்கீஃபோரெனிங்கன்’ சங்கம், ஓஸ்லோவையும் சுற்றுவட்டாரத்தையும் சேர்த்துச் சுமார் 2,600 கி.மீ. தடங்களைப் பராமரிக்கிறது. மாலையில் வேலை முடிந்து வருபவர்களுக்காக விளக்குப் போட்ட தடங்களும் அதில் உண்டு.

மெட்ரோ ரயிலில் ஸ்கீயைக் கையில் பிடித்து நிற்பவர்கள் ஓஸ்லோவில் சாதாரணக் காட்சி. சோக்ன்ஸ்வான் நிலையத்தில் இறங்கினால் உல்லெவோல்செட்டர் என்ற காட்டு விடுதிக்குச் சுமார் 6 கி.மீ.; அங்கே வாஃபிளும் சூடான கருந்திராட்சைப் பானமும் கிடைக்கும். 1973 டிசம்பரில் எண்ணெய் நெருக்கடியால் வார இறுதிகளில் கார் ஓட்டத் தடை வந்தபோது, மன்னர் ஐந்தாம் ஓலாவ் ஸ்கீயோடு ஹோல்மன்கோலன் ரயிலில் ஏறிப் பயணச்சீட்டுக்குப் பணத்தை நீட்டினார். அந்தப் புகைப்படம் நார்வேயில் எல்லோரும் பார்த்திருக்கும் படம். மன்னரும் மற்றவர்களும் ஒரே தடத்துக்கு ஒரே ரயிலில் போகிறார்கள் என்பது அந்த மக்களுக்குத் தங்களைப் பற்றிப் பிடித்தமான கதை; தடங்களும் ரயிலும் சட்டமும் இருந்ததால்தான் அந்தப் படமும் சாத்தியமானது.

பிள்ளைகளுக்கு ஸ்கீ பழக்குவதில் ஒரு முறை உண்டு. முதலில் கோல் கிடையாது. கோல் கையில் இருந்தால் குழந்தை அதில் சாய்ந்து நிற்கும், ஒற்றைக் காலில் எடை மாற்றிச் சமன் பிடிப்பதைக் கற்காது. தன் உயரத்துக்குச் சமமான அல்லது சற்றே கூடுதலான ஸ்கீ, சமதரை, சின்ன மேடு, நிறைய விளையாட்டு. இன்னும் நடக்கப் பழகாத குழந்தையைப் ‘புல்க்’ என்னும் சறுவண்டியில் கட்டி இழுப்பார்கள். அதைக் கயிற்றில் கட்டக் கூடாது, விறைப்பான தண்டுகள் வேண்டும், இல்லாவிட்டால் இறக்கத்தில் வண்டி இழுப்பவரின் காலில் மோதும். இன்னும் முக்கியமானது: இழுப்பவருக்கு வியர்க்கும், உள்ளே அசையாமல் கிடக்கும் குழந்தைக்குக் குளிரும். அடிக்கடி நின்று கழுத்தையும் கைவிரல்களையும் தொட்டுப் பார்க்க வேண்டும். குழந்தை தூங்கிவிட்டால் நிம்மதி என்று விட்டுவிடுவதுதான் ஆபத்து.

சிறுவர் போட்டிகளில் 11 வயதுக்கு முன் முடிவுப்பட்டியலோ தரவரிசையோ போடுவதில்லை என்பது அந்நாட்டு விளையாட்டுக் கூட்டமைப்பின் நெடுநாள் கொள்கை. வந்த பிள்ளைகள் எல்லோருக்கும் பரிசு. உலகிலேயே அதிகக் குளிர்கால ஒலிம்பிக் பதக்கங்கள் வென்ற நாடு இது என்பதை நினைத்தால், சிறு வயதிலேயே வடிகட்டும் நம் ஊர்ப் பயிற்சிமுறை யோசிக்க வேண்டிய விஷயம். செலவு குறித்தும் ஒரு வார்த்தை: ‘பூவா’ என்ற நாடு தழுவிய திட்டத்தில் ஸ்கீ, காலணி, கோல் எல்லாம் இலவசமாக இரவல் கிடைக்கும். நார்வேயில் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள், பிள்ளையின் பள்ளி ஸ்கீ நாளுக்காக ஆண்டுதோறும் அளவு மாறும் சாமான்களை வாங்கிக் குவிக்க வேண்டியதில்லை.

காட்டிலிருந்து மலைக்கு ஏறினால் கதையின் தொனியே மாறும். மரம் முடியும் உயரத்துக்கு மேல் காற்றைத் தடுக்க எதுவுமில்லை. −10 டிகிரியில் விநாடிக்கு 15 மீட்டர் காற்று அடித்தால் திறந்த தோலுக்கு அது −22 டிகிரி. 1967 ஈஸ்டரில் நார்வே மலைகளில் 18 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான், ஏற்கெனவே வகுக்கப்பட்டிருந்த மலை விவேக விதிகள் பெரும் பிரச்சாரத்தால் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தன. 1937 முதல் விற்கும் ‘க்விக் லுன்ஷ்’ சாக்லேட்டின் உறைக்குள்ளேயே அவை அச்சாயின. 2016இல் திருத்தப்பட்ட ஒன்பது விதிகளில் எல்லோர் வாயிலும் இருப்பது எட்டாவது: நேரத்தோடு திரும்பு, திரும்புவதில் வெட்கமில்லை. பாதியில் திரும்பிய கதையை நார்வேக்காரர்கள் தயங்காமல் சொல்வதற்குப் பின்னால் இந்த மரணங்கள் இருக்கின்றன.

விபத்துகள் பெரும்பாலும் ஒரே சங்கிலியாக நடக்கின்றன. ஏற்றத்தில் வேகமாகப் போய் உடை நனையும், வழி தெரியாமல் நிற்க நேரும், நின்றதும் ஈர உடை சூட்டை உறிஞ்சும், விரல் மரத்துப்போகும், வரைபடத்தைப் பிரிக்கவோ ஜிப்பை இழுக்கவோ முடியாமல் போகும். அதனால் புறப்படும்போது கொஞ்சம் குளிரவே வேண்டும். தோலோடு ஒட்டிய உடை கம்பளி. பருத்தி கூடவே கூடாது. பையில், ஆள் உள்ளே நுழைந்துகொள்ளும் காற்றுத் தடுப்புக் கோணி, மண்வெட்டி, உட்காரும் பாய், தலைவிளக்கு, வரைபடம், திசைகாட்டி, மாற்றுக் கையுறை, மாற்றுக் கம்பளிச் சட்டை, ஸ்கீ உடைந்தால் கட்டுவதற்கு டேப்பும் கம்பியும். கோணிக்குள் நுழைவதை இரவுக்கென்று ஒத்திப்போடாமல், உணவு இடைவேளையிலேயே பழக வேண்டும்.

வழியைப் பற்றி ஒரு பொறி. மலையேற்றச் சங்கம் கற்களில் தீட்டியிருக்கும் சிவப்பு ‘டி’ எழுத்து கோடைக்காலப் பாதைக்கானது. கோடையில் பாதுகாப்பான அதே பாதை குளிர்காலத்தில் பனிச்சரிவு விழும் மேட்டின் அடிவாரமாக இருக்கலாம். 30 டிகிரிக்கு மேல் சாய்ந்த சரிவும் அதன் கீழ்ப்பகுதியும் தவிர்க்க வேண்டியவை. குளிர்கால வழிகளைப் பனிக்கால விடுமுறைக்கும் ஈஸ்டருக்கும் முன் பிர்ச் கிளைகளை வரிசையாக நட்டுக் காட்டுவார்கள். மூடுபனியில் ஒரு கிளையிலிருந்து அடுத்த கிளை தெரிந்தால்தான் நகர வேண்டும். மார்க்கா காட்டிலோ மரங்களில் சிவப்பு ஸ்கீக்கு, நீலம் கோடை நடைக்கு. மின்திட்டத்துக்காக நீர்மட்டம் ஏற்றி இறக்கப்படும் ஏரிகளின் மேல் நடக்கும்போது, கரையோரமும் நீர் நுழையும் வெளியேறும் இடங்களும் நம்பத் தகாதவை. பனிக்கட்டியின் அடியில் வெற்றிடம் இருக்கும்.

1868இல் நிறுவப்பட்ட அந்த மலையேற்றச் சங்கத்துக்குச் சுமார் 550 குடில்கள் இருக்கின்றன. ஆளில்லாத சுயசேவைக் குடில்களுக்கு உறுப்பினர்களிடம் பொதுச் சாவி ஒன்று இருக்கும். உள்ளே அலமாரியில் டப்பா உணவு, கஞ்சிமாவு, ரொட்டி. எடுத்ததை எழுதிவைத்துப் பணத்தைக் கட்டிவிட வேண்டும், மேற்பார்வைக்கு யாருமில்லை. விறகு பிளந்து, தண்ணீர் கொண்டுவந்து, தரை துடைத்து, அடுத்தவருக்கு அடுப்பை மூட்டத் தயாராக வைத்துவிட்டுத்தான் கிளம்புவார்கள். நனைந்து நடுங்கி நள்ளிரவில் வருபவர் இருட்டில் தேடாமல் தீக்குச்சி எடுக்க முடிய வேண்டும் என்பதே கணக்கு.

ரேனாவிலிருந்து லில்லெஹாமர் வரை 54 கி.மீ. ஓடும் பிர்கெபைனர் பந்தயத்தில் ஒவ்வொருவரும் குறைந்தது 3.5 கிலோ பையைச் சுமக்க வேண்டும். உள்நாட்டுப் போரின்போது, 1206இல், குழந்தை இளவரசர் ஹோக்கோனை இரண்டு வீரர்கள் ஸ்கீயில் மலை கடந்து காப்பாற்றியதன் நினைவு அது. 1932இல் தொடங்கிய இந்தப் பந்தயத்தில் உணவும் பானமும் அந்த எடையில் சேராது. எடை குறைந்தால் ஓடிய நேரம் கணக்கில் சேராது. மாற்றுடையும் காற்றுச் சட்டையும் பையில் இருந்தால், நடுவில் வானிலை புரண்டாலும் ஆயிரக்கணக்கானவர்கள் தாக்குப்பிடிக்க முடியும். கதையாகத் தொடங்கிய விதி, பாதுகாப்பு விதியாகவும் ஆகிவிட்டது.

போட்டிக் கதைகளில் மக்கள் நெஞ்சில் தங்கியவை இரண்டும் உடைந்த கோலைப் பற்றியவை. 1982 ஓஸ்லோ உலகப் போட்டியின் தொடரோட்டத்தில் கடைசிச் சுற்றில் ஒட்வார் ப்ரோவின் கோல் உடைந்தது. சோவியத் வீரரோடு மூக்குக்கு மூக்காக முடித்துத் தங்கத்தைப் பகிர்ந்துகொண்டார்கள். ‘ப்ரோவின் கோல் உடைந்தபோது நீ எங்கே இருந்தாய்?’ என்று இன்றும் கேட்டுக்கொள்வார்கள். 2006 டூரின் குளிர்கால ஒலிம்பிக்கில் கனடாவின் சாரா ரென்னருடைய கோல் உடைந்தபோது, நார்வே அணியின் பயிற்றுநர் பியோர்னர் ஹோகென்ஸ்மூயன் தன் கையிலிருந்த கோலை நீட்டினார். கனடா வெள்ளி வென்றது, நார்வே நான்காவது. கனடியர்கள் நன்றியாக மேப்பிள் பாகு டப்பாக்களை அனுப்பிக் குவித்தார்கள். ஒற்றைக் கோலோடு ஏற்றத்தில் சிக்கியவரின் நிலை தெரிந்த நாட்டில் அந்தச் செயலுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

இப்போது மாறிக்கொண்டிருப்பது பனியே. ஓஸ்லோ போன்ற தாழ்ந்த இடங்களில் பனிநாட்கள் குறைந்து, பூஜ்ஜியத்தைச் சுற்றி ஊசலாடும் நாட்கள் கூடுகின்றன. தடங்களைச் செயற்கைப் பனியால் நிரப்புகிறார்கள். சில இடங்களில் ஒரு குளிர்காலப் பனியை மரத்தூளால் மூடி அடுத்த பருவத்துக்குச் சேமிக்கிறார்கள். செயற்கைப் பனியின் துகள் பிறக்கும்போதே உருண்டை, கெட்டி. உப்புத்தாள் மாதிரி மெழுகை அரித்துவிடும். அதனால் இஸ்திரி போட்ட அடிமெழுகு இல்லாமல் அதில் இறங்கினால் சில சுற்றுகளிலேயே பிடிமானம் போய்விடும். சுற்றும் குட்டையானது, கூட்டமும் அதிகம். எனவே தடத்து மரியாதைகள் முன்னெப்போதையும்விட அவசியமாகியிருக்கின்றன: வலப்பக்கம் போவது, இறக்கத்தில் வருபவருக்கு வழி விடுவது, ஸ்கீயை மீன்முள் வடிவில் விரித்து ஏறும்போது பதிந்த தடங்களைச் சிதைக்காமல் ஓரமாக ஏறுவது, தடத்தின் மேல் காலணியோடு நடக்காமல் இருப்பது. விழுந்தால், முதலில் தடத்தை விட்டு உருண்டு விலகி, உடைமேல் ஒட்டிய பனியைப் பிறகு தட்டிக்கொள்ளலாம்.